ஊதாமல் விட்ட இருபத்தாறு நாள்

சென்ற மாதம் ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணி மில்லில் புது பாய்லர் ஓட ஆரம்பித்தது. பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷமான பழைய பாய்லர்காரனுக்கு ஒரு பொன்னாடை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வாழை இலைத் துண்டில் கேசரி. புது பாய்லர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் குறைந்தால் தானே நிரப்பிக்கொள்ளும். மீறிப் போனால் தானே தீயை அணைத்துக்கொள்ளும். என்ன செய்தோம் என்பதைத் திரையில் எழுதியும் காட்டிவிடும்.

அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆப்பரேட்டர்களில் ஒருத்தர் எழுந்து கேட்டார். "அண்ணே, இம்புட்டு வருஷ சர்வீஸ்ல என்னைக்காவது பயந்திருக்கியளா?"

"பயப்படுதவன் பாய்லர் பக்கம் வருவானாய்யா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மடியில் இருந்த பொன்னாடைப் பை நடுங்குவதைப் பார்த்தேன். நடுங்கியது என் கை. நான் சொன்னது பச்சைப் பொய். அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை இங்கே எழுதுகிறேன்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் வேறொரு மில்லில் விறகு தள்ளும் ஆளாகச் சேர்ந்தேன். ஆறு வருஷம் தீ முன்னால் நின்று, பரீட்சை எழுதி, ஒரு தடவை தோற்று, மறுதடவை பாஸாகி சர்டிபிகேட் வாங்கி ராஜபாளையம் மில்லுக்கு வந்தேன். அந்த ஆறு வருஷத்தில் என் மனதில் ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு காட்சி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சுடலைமுத்து அண்ணன் ஒரு காலையில் கண்ணாடியை ஊதும்போது அது வெடித்தது. கொதிநீரும் சில்லும் முகத்தில் அடித்தன. அவருக்கு இடது கண் போயிற்று. அவர் கத்தவில்லை. "ஆவியை அடைடா, ஆவியை அடைடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்றும் எனக்குக் கேட்கும்.

கண்ணாடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பாய்லர் ஒரு பெரிய இரும்புப் பானை. உள்ளே நெருப்புப் போகும் குழாய்கள் வரிசை வரிசையாக இருக்கும். அந்தக் குழாய்களைத் தண்ணீர் எப்போதும் மூடி நிற்க வேண்டும். தண்ணீர் இறங்கிக் குழாய் வெளியே தெரிந்தால் இரும்பு பழுத்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பச்சைத் தண்ணீரை உள்ளே விட்டால் பாய்லர் வெடித்துக் கட்டடத்தையே கொண்டுபோய்விடும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டத்தான் முன்பக்கத்தில் முழ நீளக் கண்ணாடிக் குழாய். அதன் மேலே ஒரு வால்வு, கீழே ஒரு வால்வு, அடியில் வடிகால் வால்வு ஒன்று.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். கீழ் வால்வில் சகதி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் கண்ணாடி பொய் சொல்லும். உள்ளே தண்ணீர் வற்றிப்போனாலும் கண்ணாடியில் பழைய மட்டம் அப்படியே நிற்கும். அதனால் தினமும் காலையில் வடிகாலைத் திறந்து, மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி அடைத்து, ஊதிவிட வேண்டும். பிறகு வடிகாலை மூடினால் தண்ணீர் துள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். மெதுவாக ஏறினால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். மொத்தமே இரண்டு நிமிஷ வேலை. செய்து முடித்து நோட்டில் நேரம் போட்டு 'ஊதியாச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சுடலைமுத்து அண்ணனுக்கு நடந்த பிறகும் பதினான்கு வருஷம் அந்த இரண்டு நிமிஷத்தைத் தினமும் செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். பதினெட்டு வருஷம் முன்னால், ஒரு ஆனி மாதக் காலையில், கண்ணாடி என் கையிலேயே விரிசல் விட்டது. பெரிய காயமில்லை, மணிக்கட்டில் ஒரு வெந்த தடம்தான். மேனேஜர் வேறு கண்ணாடி மாட்டச் சொன்னார். கண்ணாடிக்கு முன்னால் காவலாக இருக்க வேண்டிய தடித்த தகடு ஏற்கெனவே உடைந்து கழற்றி வைத்திருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டாவது கண்ணாடியும் ஒழுகுகிறது என்று அடைத்துப் போட்டிருந்தது. 'சாமான் வரட்டும்' என்றார்கள். நானும் சரி என்றேன்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்றேன். கை போகவில்லை. 'புதுக் கண்ணாடிதானே, சகதி அதற்குள் எங்கே சேரப் போகிறது, நாளைக்கு ஊதிக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியில் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. எவ்வளவு சுகமாக இருந்தது என்றால், காய்ச்சல்காரனுக்கு வேர்த்த மாதிரி இருந்தது. நோட்டில் '7.10, ஊதியாச்சு' என்று எழுதினேன்.

அந்தச் சுகம்தான் என்னைக் கெடுத்தது. தள்ளிப்போடுகிறவனைச் சோம்பேறி என்கிறோம். நான் சோம்பேறி இல்லை. அந்த நாட்களில் நான் வேலை பார்த்தது மாதிரி என் சர்வீஸில் எப்போதும் பார்த்ததில்லை. ஆவிக் குழாய்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தேன். விறகைப் பருமன் வாரியாக அடுக்கினேன். பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "கருப்பசாமி, பாய்லர் ரூமா இல்ல பூஜை ரூமாய்யா இது?" என்று பாராட்டிவிட்டுப் போனார். செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

இன்னொன்றும் நடந்தது. முதல் வாரம் கண்ணாடி வெடிக்கும் என்று பயந்தேன். பத்தாம் நாள், பத்து நாள் ஊதவில்லையே என்று பயந்தேன். இருபதாம் நாள் வந்தபோது இரண்டாவது பயம் முதல் பயத்தை விடப் பெரிதாகிவிட்டது. இப்போது திறந்து, அடைப்பு இருப்பது தெரிந்தால், நோட்டில் எழுதிய இருபது பொய்யும் சேர்ந்து தெரியுமே! அதனால் திறக்கவே கூடாது என்று ஆகிவிட்டது. தண்ணீர் குறைந்தால் அடிக்கும் மணி ஒன்றும் இருந்தது. அதன் மிதவை இருக்கும் டப்பாவையும் அதே நேரத்தில்தான் ஊதிவிட வேண்டும். அதையும் தொடவில்லை.

பாய்லர் அறைக்கும் பேண்டேஜ் சுற்றும் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் பதினெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றுவார்கள். அதில் ஒருத்தி என் மனைவி பேச்சியம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். மத்தியானம் தூக்குவாளியோடு என் பாய்லர் அறைக்கு வருவாள். தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். அந்தக் கண்ணாடிக்கு நேர் எதிரேதான் அவள் உட்காரும் இடம். சுவரில் சாய்ந்துகொள்ள வசதி என்பாள். நான் அவளைப் பார்ப்பேன், கண்ணாடியைப் பார்ப்பேன், சோறு இறங்காது. "என்னங்க, உப்பு கூடிட்டோ?" என்று கேட்பாள்.

இருபத்தாறாம் நாள் ஆடிப்பூரத் தேர். சுற்று வட்டாரம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துகொண்டிருந்தது. பேச்சி விடியற்காலையிலேயே கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாளு லீவு போட்டுக்கிடுதேன். தேரு வடத்தைத் தொட்டு எம்புட்டு வருஷமாச்சு!"

"அவசர ஆர்டர்னு மேனேஜர் கெஞ்சியிருக்காரு. ரெண்டு பேரும் வாரோம்னு சொல்லிட்டேன். தேரை அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம், வா."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த பஸ் எல்லாம் நிறைந்து வழிந்தது. எங்கள் பஸ்ஸில் ஏழு பேர் இருந்தோம்.

விறகு தள்ளும் ஆள் தேருக்குப் போய்விட்டார். நான் மட்டும்தான். பெண்களிலும் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். காலை பத்தரை மணி இருக்கும். துணி வேக வைக்கும் தொட்டிக்கு ஆவி போய்க்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று காலையிலிருந்து பம்ப்பைக்கூடப் போடவில்லை.

ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடச் செத்த நேரம் ஆயிற்று. ஆவி போகும்போது கண்ணாடியில் தண்ணீர் சும்மா நிற்காது. மேலும் கீழும் ஒரு விரல் அளவாவது ஆடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஆடவில்லை. கோடு போட்ட மாதிரி நின்றது. மூன்று மணி நேரமாக ஆவி எடுக்கிறோம், ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அவ்வளவு சூட்டிலும் முதுகில் ஓடிய வேர்வை குளிர்ந்தது. அப்போதும், கேளுங்கள், அப்போதும் என் மனசு சொன்னது, 'செத்த நேரம் பார்ப்போம்.' கடிகாரத்தைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் பேச்சியின் சிரிப்பு எனக்குத் தனியாகத் தெரியும். எழுந்து போய் வடிகாலைத் திறந்தேன்.

ஒரு வாய்த் தண்ணீர் கறுப்பாக வழிந்தது. அதற்குப் பிறகு வெறும் ஆவிச் சீறல். வடிகாலை மூடினேன். தண்ணீர் துள்ளி வரவில்லை, மெதுவாகவும் வரவில்லை. கண்ணாடி வெறுமையாக இருந்தது.

என் வலது கை தானாகப் பம்ப் சுவிட்சுக்குப் போனது. தண்ணீர் இல்லை என்றால் தண்ணீர் விட வேண்டும் என்று எந்த மனுஷனுக்கும் தோன்றும். சுவிட்சில் விரல் பட்ட பிறகுதான் பரீட்சையில் தோற்ற கேள்வி ஞாபகம் வந்தது. தண்ணீர் தெரியாதபோது தண்ணீர் விடாதே, தீயை எடு. முதல் தடவை அந்தக் கேள்விக்குத்தான் தப்பாக எழுதித் தோற்றேன். விரலை எடுத்தேன். தீக்குக் காற்றடிக்கும் காற்றாடியை நிறுத்தினேன். சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்து கத்தினேன்.

"எல்லாரும் எந்திரிங்க! அப்படியே போட்டுட்டு ரோட்டுக்குப் போங்க! ஓடுங்க!"

ஓடினார்கள். வன்னியம்பட்டி மாரியம்மாவுக்கு அப்போது ஏழு மாசம். அவளை இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். பேச்சி மட்டும் வாசலுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க வரலையா? என்ன ஆச்சு?"

"போடீ!"

"நீங்களும் வாங்க."

"ஏட்டி, சொன்னாக் கேக்க மாட்டியா? போய்த் தொலையேன்!" என்று இன்றும் எழுதக் கூசும் ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. போனாள்.

தீக்கதவைத் திறந்து ஈரச் சாம்பலை வாரி வாரி உள்ளே எறிந்தேன். எத்தனை சட்டி என்று தெரியாது. தலைக்கு மேலே இரும்பு 'டிக், டிக்' என்று சொடுக்கியது. ஒவ்வொரு சொடுக்குக்கும் இதுதான் கடைசி என்று நினைத்தேன். ஓடிவிட வேண்டும் போலிருந்தது. தீ இருக்க ஓடினால் பயனில்லை, ரோடுவரைக்கும் வந்து அடிக்கும். தீ அமர்ந்து, ஆவி அழுத்தம் காட்டும் முள் இறங்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் விழுந்தேன். நான் பெயிண்ட் அடித்த குழாய்கள் அவ்வளவு பளபளப்பாக இருந்தது ஞாபகம் இருக்கிறது.

மூன்று நாள் ஆறவிட்டு பாய்லரைத் திறந்தார்கள். மேல் வரிசைக் குழாய்கள் சூடு மீறி நீலம் பாய்ந்திருந்தன. மெயின்டனன்ஸ் இன்ஜினியர் சஞ்சீவி சார் உள்ளே தவழ்ந்து போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். என்னை விட நாலு வயது இளையவர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எந்த மெஷினிடம் போனாலும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார், புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், பிறகுதான் பேசுவார். அன்றைக்கு என் நோட்டைக் கேட்டு வாங்கி, கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதுக்கு முன்னால எல்லாம் 7.05, 7.20, ஒரு நாள் 7.40னு இருக்கு. இங்க இருந்து இருபத்தாறு நாளும் 7.10. நிஜமா செய்ற வேலை ஒரே நேரத்துல முடியாது, கருப்பசாமி."

நான் அழுதேன். காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினார். ஏன் செய்யவில்லை என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அதைச் செய்யப் போகும்போது எந்த இடத்துல பயம் வருது? அதை மட்டும் சொல்லுங்க."

சொல்லத் தெரியவில்லை. திரும்பவும் கேட்டார். கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி, "இங்க நிக்கும்போதா? கையை நீட்டும்போதா? திறந்த பொறவா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையை நீட்டும்போது முகம் கண்ணாடிக்கு நேராக வருகிறது, அந்த இடத்தில்தான் என்றேன். சுடலைமுத்து அண்ணனைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் முதலாக ஒருத்தரிடம் சொன்னேன்.

"உங்க பயத்துல பாதி நியாயம். அந்தப் பாதியை நான் சரி பண்ணித் தாரேன். மிச்சப் பாதி உங்களோடது."

நாலு நாளில் புதுக் காவல் தகடு வந்தது. தள்ளி நின்று திருப்பும்படி வால்வுக்கு நீளக் கைப்பிடி வைத்துக் கொடுத்தார். இரண்டாவது கண்ணாடியையும் சரி பண்ணினார். பிறகு சொன்னார்: "காலைல வந்ததும் கைப்பிடியைத் தொடுங்க. திறக்க வேண்டாம். தொட்டுட்டுத் திரும்பிப் போகணும்னா போயிருங்க. தொடாம மட்டும் போகாதீங்க. விட்டுப்போன இருபத்தாறு நாளையும் இன்னைக்குச் செய்ய முடியாது. இன்னைக்கு உள்ளதை மட்டும் செய்யுங்க."

சிரிப்பாக இருந்தது. ஆனால் தொட்ட பிறகு ஒரு நாள்கூட நான் திரும்பிப் போனதில்லை. பயம் போகவில்லை, ரிட்டையர் ஆகிற நாள்வரை இருந்தது. கை நடுங்கும், நடுங்கிக்கொண்டே திறக்கும், அவ்வளவுதான். பயம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருந்ததுதான் என் தப்பு.

அவர் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லி, நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஆறு மாசம் அவர் பார்வையில் வேலை பார்க்க வேண்டும் என்று முடிந்தது. பெண்களிடம் 'அடைப்பு' என்று மட்டும் சொன்னார்கள். போகும்போது சஞ்சீவி சார் மெதுவாகச் சொன்னார். "உங்க வீட்டம்மா கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது நீங்க செய்ய வேண்டிய வேலை."

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார். "சொல்லணும் சார்" என்பேன். என் பிரிவுபசாரக் கூட்டத்திலும் கேட்டார். வால்வைத் தொடக் கற்றுக்கொண்டவன் இதைப் பதினெட்டு வருஷம் தொடவில்லை. ஊரே என்னை, உயிரைப் பணயம் வைத்துப் பதினொரு பெண்களைக் காப்பாற்றியவன் என்று சொன்னது. பேச்சியும் அதைத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படுவாள். ஒவ்வொரு தடவை அவள் சொல்லும்போதும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

பூஜைக்குப் போய்வந்த ஆறாவது நாள், அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன். சொன்னேன். சுடலைமுத்து அண்ணனிலிருந்து ஆரம்பித்து 7.10 வரைக்கும் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"எத்தனை நாளு?"

"இருபத்தாறு."

"அம்புட்டு நாளும் அங்கனதான உக்காந்து சோறு தின்னோம்."

"ஆமா."

"அன்னைக்கு நான் லீவு கேட்டேன்."

"ஆமா, பேச்சி."

திட்டினால் தேவலை என்று இருந்தது. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பாமலே பேசினாள்.

"ஆடிப்பூரம் வருதுல்ல. இந்த வருசம் தேருக்கு உங்ககிட்ட கேக்க மாட்டேன். நானே போய்க்கிடுவேன்." பிறகு, "மாரியம்மாளுக்கு அப்ப ஏழு மாசம். அவகிட்ட யாரு சொல்லுவா?"

"நாளைக்கு..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

வன்னியம்பட்டியில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். நீலக் கதவு, சாத்தியிருந்தது. தெருவில் யாரும் இல்லை. கால் பின்னுக்கு இழுத்தது. கதவின் நாதாங்கியில் கையை வைத்தேன். தொட்டாயிற்று, வேண்டுமானால் திரும்பிப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை நடுங்கியதில் நாதாங்கி தானாகச் சத்தம் போட்டது.

கதவைத் திறந்தது மாரியம்மா இல்லை. தோளில் காலேஜ் பையோடு ஒரு பெண், பதினெட்டு வயது இருக்கும்.

"யாரு வேணும் தாத்தா?"

அவள் என் கையைப் பார்த்தாள்.

"ஏம்மா, யாரோ வந்திருக்காவ. அவியளுக்குக் கை கிடந்து நடுங்குது, தண்ணி கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, கதவை அகலத் திறந்து எனக்கு வழிவிட்டாள்.